மனசாட்சிக்கு யார் சாட்சி? படைச்சேவை மறுப்பும் சட்ட உதவியும்

1916 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. போரிட மனசாட்சி இடம் தராதவர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்பவரின் மனசாட்சி மெய்யானதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஊர்தோறும் அமைந்த தீர்ப்பாயங்களிடம் விடப்பட்டது. உள்ளூர்ப் பிரமுகர்களும் நகரமன்றத்தாரும் அவற்றில் அமர்ந்தார்கள். ராணுவத்தின் பிரதிநிதி ஒருவர் வந்து குறுக்குக் கேள்வி கேட்டார். உன் தாயையோ தங்கையையோ ஒரு ஜெர்மன் சிப்பாய் தாக்க வந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாயா என்பது அங்கே திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி. ‘தடுப்பேன்’ என்றால், பிறகு போருக்குப் போக என்ன தடை என்றார்கள். ‘கை ஓங்க மாட்டேன்’ என்றால் நம்ப மறுத்தார்கள்.

இப்படி நிற்கும் இளைஞனுக்கு வெளியிலிருந்து யாராவது உதவலாமா? உதவலாம் என்றால் எதுவரை? விண்ணப்பம் எழுதக் கைகொடுக்கலாமா, வரப்போகும் கேள்விகளுக்குத் தயார்ப்படுத்தலாமா, அவன் சார்பில் வழக்கறிஞர் பேசலாமா? மனசாட்சி என்பது ஒருவரது உள்ளத்துக்கு மட்டுமே தெரிந்தது என்றால், அதைப் பற்றிப் பேசப் பிறர் சொல்லிக்கொடுப்பது எப்படி நியாயமாகும்? சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பேசத் தெரியாதவன் என்ன ஆவான்?

நூறாண்டுகளுக்கும் மேலாக அரசுகளும் நீதிமன்றங்களும் திருச்சபைகளும் அமைதி இயக்கங்களும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் தந்திருக்கின்றன. அவற்றை நான்கு நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். உதவியே குற்றம் என்பது ஒன்று. நடுநிலையான ஆலோசனை மட்டும் தகும் என்பது இரண்டாவது. உதவி என்பது எதிர்ப்பில் தோழமை என்பது மூன்றாவது. சோதனையையே எடுத்துவிட்டால் உதவிக்குத் தேவை இருக்காது என்பது நான்காவது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

வெளி அடையாளத்திலிருந்து உள்ளத்துக்கு

உதவி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு, உரிமை வளர்ந்த விதத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. அமெரிக்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் உலகப் போருக்கான 1917ஆம் ஆண்டுச் சட்டம், போரை மறுக்கும் கொள்கை கொண்ட திருச்சபைகளின் உறுப்பினர்களுக்கே விலக்கு அளித்தது. குவேக்கர், மென்னோனைட் போன்ற சபைகளைச் சேர்ந்தவரா என்பதே கேள்வி. சபையின் பதிவேடே சான்று. உள்ளத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை.

1940ஆம் ஆண்டுச் சட்டம் சபை உறுப்பினர் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. சமயப் பயிற்சியாலும் நம்பிக்கையாலும் எல்லாப் போரையும் எதிர்ப்பவர் என்று காட்டினால் போதும் என்றது. 1948இல் இதனுடன் ‘பரம்பொருள்’ பற்றிய நம்பிக்கையும் சேர்க்கப்பட்டது. 1965இல் சீகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துப் பொருள் கொண்டது. கடவுள் நம்பிக்கை ஒருவர் வாழ்வில் வகிக்கும் இடத்தை வேறொரு நம்பிக்கை நேர்மையாக வகித்தால் அதுவும் செல்லும் என்றது. ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த வெல்ஷ் வழக்கின் மனுதாரர், படிவத்தில் ‘சமயப் பயிற்சி’ என்று அச்சிட்டிருந்த சொற்களையே அடித்துவிட்டிருந்தார். ஆழமான அறநெறி நம்பிக்கை அவருக்கும் விலக்குப் பெற்றுத் தந்தது.

ஜெர்மனி வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. ஹிட்லர் ஆட்சியின் அனுபவத்துக்குப் பிறகு எழுதப்பட்ட 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மனசாட்சிக்கு எதிராக எவரையும் ஆயுதமேந்திப் போர்ச்சேவை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. அப்போது மேற்கு ஜெர்மனிக்கு ராணுவமே இல்லை. கட்டாயச் சேவை 1956இல் வந்தது. 1960இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மனசாட்சிக்கு இலக்கணம் வகுத்தது. நன்மை தீமை என்ற அளவுகோலில் எடுக்கப்பட்டதும், மீறினால் கடும் உள்ளத் துயரில் தள்ளக்கூடியதுமான முடிவே மனசாட்சியின் முடிவு என்றது.

அளவுகோல் இவ்வாறு வெளியிலிருந்து உள்ளே நகர்ந்தது. உரிமை விரிந்தது. ஆனால் சான்று காட்டுவது கடினமாகியது. சபைப் பதிவேட்டைக் காட்டியவருக்கு வாய்திறக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளத்தைக் காட்ட வேண்டியவருக்குப் பேச்சைத் தவிர வேறு கருவி இல்லை. மனசாட்சியைச் சோதிக்கும் அவைகள் நடைமுறையில் பேச்சையும் எழுத்தையுமே அளந்தன. மறுப்பாளர்களுக்கான ஆலோசனையும் சட்ட உதவியும் இந்த இடைவெளியில்தான் முளைத்தன எனலாம். அவற்றின் மீதான ஐயமும் அங்கேயே முளைத்தது.

முதல் நிலைப்பாடு: உதவியே குற்றம்

மறுப்பவனுக்கு ஓரளவு இடம் தந்த அரசுகள்கூட அவனுக்கு உதவுபவர்களைக் கடுமையாகவே பார்த்தன. 1916இல் மறுப்பாளர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட இரண்டாண்டுக் கடுங்காவலைக் கண்டித்துத் துண்டறிக்கை எழுதிய தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்கு 100 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. படைச்சேவைப் பதிவை மறுக்கவோ தவிர்க்கவோ ஒருவருக்குத் தெரிந்தே ஆலோசனை சொல்வதையும் துணைபோவதையும் ஐந்தாண்டுச் சிறைக்குரிய குற்றமாக அது வைத்தது. 1968இல் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், மதபோதகர் வில்லியம் ஸ்லோன் காஃபின் உள்ளிட்ட ஐவர் மீது பாஸ்டனில் நடந்த வழக்கு இந்தப் பிரிவை ஒட்டியதே. நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1969இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்புகள் ரத்தாயின.

துருக்கியின் குற்றவியல் சட்டம், மக்களுக்கு ராணுவ சேவையின் மீது வெறுப்பு உண்டாக்குவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. இஸ்ரேலில் 2009 ஏப்ரலில், ‘நியூ புரொஃபைல்’ என்ற பெண்ணிய அமைப்பைச் சேர்ந்தவர்களைப் படைச்சேவையைத் தவிர்க்கத் தூண்டினார்கள் என்ற சந்தேகத்தில் காவல்துறை விசாரித்தது. கணினிகளை எடுத்துச் சென்றது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ரஷ்யாவில் 2023இல், மாற்றுச் சேவை கோருவோருக்குச் சட்ட வழிகாட்டிவந்த மனசாட்சி மறுப்பாளர் இயக்கம் ‘வெளிநாட்டு முகவர்’ பட்டியலில் சேர்க்கப்பட்டது. ரஷ்ய அரசியலமைப்பின் 59ஆம் பிரிவோ மாற்றுச் சேவையை உரிமையாகவே சொல்கிறது.

இந்த நிலைப்பாட்டை வெறும் அடக்குமுறை என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் அடியில் ஒரு வாதம் இருக்கிறது. போருக்குப் போக விரும்பாதவர் எல்லாரும் மனசாட்சி மறுப்பாளர் அல்லர். உயிருக்குப் பயந்தவரும், தொழிலை விட்டுவர மனமில்லாதவரும் இருப்பார்கள். சரியான விடைகளை மனப்பாடம் செய்ய உதவி கிடைத்தால் அவர்களையும் உண்மையான மறுப்பாளரையும் பிரித்தறிய முடியாது. விலக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் பதிலாக வேறொருவர் களத்துக்குப் போகிறார் என்பதால் இது சிறிய கவலை அல்ல.

ஆனால் இந்த வாதம் தன்னைத் தானே முறித்துக்கொள்கிறது. உரிமை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சொல்லக்கூடாது என்றால் அந்த உரிமை ஏட்டளவில்தான் நிற்கும். ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் 1998ஆம் ஆண்டின் 77ஆம் தீர்மானம், இவ்வுரிமை பற்றிய தகவல் சம்பந்தப்பட்டவர்களுக்குக் கிடைப்பது முக்கியம் என்று வலியுறுத்தியது இதனால்தான். தகவல் தருவது எங்கே முடிகிறது, தூண்டுவது எங்கே தொடங்குகிறது என்பதோ இன்றுவரை நாட்டுக்கு நாடு மாறும் கோடாகவே இருக்கிறது.

இரண்டாம் நிலைப்பாடு: நடுநிலை ஆலோசனை

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பது என்று முடிவெடுத்தவர்களிடமிருந்து இரண்டாவது மரபு வந்தது. பிரிட்டனில் 1939இல் மனசாட்சி மறுப்பாளர்களுக்கான மைய வாரியம் உருவாயிற்று. அமெரிக்காவில் 1940இல் அமைதிச் சபைகள் சேர்ந்து தேசியச் சேவை வாரியம் ஒன்றை அமைத்தன. 1948இல் பிலடெல்ஃபியாவில் மனசாட்சி மறுப்பாளர்களுக்கான மையக் குழு தோன்றியது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் இப்பணிக்கென ஒரு மைய அலுவலகம் இயங்கியது.

இவர்களின் தொழில்நெறியைச் சுருக்கமாகச் சொல்லலாம். வருபவரை மறுப்பாளராக மாற்றுவது ஆலோசகரின் வேலை அன்று. அவர் ஏற்கெனவே நம்புவது என்ன என்பதை அவரே கண்டுகொள்ளவும், அதைச் சட்டம் கேட்கும் வடிவில் சொல்லவும் உதவுவதே வேலை. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க இளைஞர் நிரப்ப வேண்டிய 150ஆம் எண் படிவம், நம்பிக்கையின் தன்மை, அது உருவான விதம், வாழ்க்கையில் அது வெளிப்பட்ட விதம் என்று அடுக்கிக் கேட்டது. பதினெட்டு வயதுப் பையனுக்கு இது தத்துவப் பரீட்சை போன்றது. ஆலோசகர் கேள்விகளைப் பிரித்து விளக்கினார். காலக்கெடுக்களைச் சொன்னார். யாரிடம் சான்றுக் கடிதம் வாங்கலாம் என்று யோசனை தந்தார். மறுத்தால் வரும் விளைவுகளை மறைக்காமல் எடுத்துரைத்தார். விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் அரசின் ஆட்சேர்ப்பு வாரியத்தின் முன் நிற்பதற்குப் பழக, மாதிரி விசாரணை நடத்திப் பார்ப்பதும் உண்டு.

கட்டாயச் சேவை 1973இல் நின்ற பிறகும் அமெரிக்காவில் இந்தப் பணி முடியவில்லை. தானாக முன்வந்து படையில் சேர்ந்தவருக்கும் சேவைக்காலத்தில் மனம் மாறலாம். அப்படி மாறியவர் விலக விண்ணப்பித்தால், ராணுவத்தின் மதபோதகர் ஒருவரும் மனநல வல்லுநர் ஒருவரும் அவரை நேர்காண்பார்கள். பிறகு விசாரணை அதிகாரி ஒருவர் முன் விசாரணை நடக்கும். விண்ணப்பதாரர் தன் செலவில் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். நம்பிக்கை சேவையில் சேர்ந்தபின் உறுதிப்பட்டது என்பதைத் தெளிவான, நம்பத்தக்க சான்றால் அவரே நிறுவ வேண்டும். இவ்வளவையும் முகாமுக்குள் இருந்துகொண்டு தனியாளாகச் செய்வது கடினம். 1990களில் தொடங்கிய சிப்பாய் உரிமைத் தொலைபேசிச் சேவை இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது.

இம்மரபுக்கு இரண்டு பலவீனங்கள் சுட்டப்படுகின்றன. முதலாவது, அது யாரைச் சென்றடைந்தது என்பது. வியட்நாம் காலத்தில் ஆலோசனை நிலையங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக நகரங்களிலும் குவேக்கர் கூடங்களிலும் இருந்தன. எழுதவும் வாதிடவும் பழகிய நடுத்தர வர்க்க மாணவர்களுக்கு அவை எளிதில் எட்டின. ஏழை, கறுப்பின இளைஞர்களுக்கு அதே அளவில் எட்டவில்லை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. பேச்சை அளக்கும் சோதனையில் பேசத் தெரிந்தவருக்குச் சாதகம் இருக்கிறது. உதவியும் அவர்களையே தேடிப் போனால் அந்தச் சாதகம் இரட்டிப்பாகிறது.

இரண்டாவது பலவீனம் நுட்பமானது. அரசின் படிவத்துக்கேற்ப மனசாட்சியைச் சொல்லப் பழக்குபவர், அரசின் அளவுகோலை மெல்ல ஏற்றுக்கொள்கிறார். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது இது கண்கூடாக நடந்தது. மறுப்பாளர்களுக்காகப் பேச அமைந்த சபைகள், அவர்களை அடைத்து ஊதியமின்றி வேலை வாங்கிய பொதுச்சேவை முகாம்களை நடத்தும் பொறுப்பையும் ஏற்றன. சுமார் 12,000 பேர் அந்த முகாம்களில் இருந்தார்கள். உதவ வந்தவர் நிர்வாகியாகிவிட்டார் என்று முகாமை விட்டு வெளியேறிச் சிறைக்குப் போனவர்களும் உண்டு.

மூன்றாம் நிலைப்பாடு: எதிர்ப்பில் தோழமை

அப்படி வெளியேறியவர்களின் நிலைப்பாட்டுக்கு முன்னோடி, 1914இல் பிரிட்டனில் தொடங்கிய கட்டாயச் சேவை எதிர்ப்புத் தோழமை. கல்கத்தாவில் பிறந்தவரும் பின்னாளில் இந்திய விடுதலைக்குக் குரல் கொடுத்தவருமான ஃபென்னர் பிராக்வேயும் அவர் மனைவி லில்லாவும் அதைத் தொடங்கினார்கள்; கிளிஃபர்ட் ஆலன் தலைவரானார். 1916க்குப் பிறகு ஆண் தலைவர்கள் சிறை செல்ல, அமைப்பைப் பெருமளவில் பெண்களே நடத்தினார்கள். கேத்தரின் மார்ஷல் ஒவ்வொரு மறுப்பாளருக்கும் பதிவு வைத்தார்: எந்தத் தீர்ப்பாயம், எந்தப் படைமுகாம், எந்தச் சிறை. அந்தப் பதிவுகள் நாடாளுமன்றக் கேள்விகளாயின, பத்திரிகைச் செய்திகளாயின. 1916இல் சுமார் 35 மறுப்பாளர்கள் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, ராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை பெற்று, பிறகு அது பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை யாரோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது சும்மா போகவில்லை.

இந்த நிலைப்பாட்டின்படி உதவியின் நோக்கம் தனி ஒருவருக்கு விலக்கு வாங்கித் தருவதோடு முடிவதில்லை. கட்டாயச் சேவையே தவறு. ஆகவே எந்த மாற்றுச் சேவையையும் ஏற்காத முழு மறுப்பாளருக்கும், தீர்ப்பாயத்துக்கே போக மறுப்பவருக்கும் துணை நிற்க வேண்டும். இவர்களுக்குத் தேவைப்படுவது படிவம் நிரப்பும் உதவி அல்ல. சிறையில் சந்திப்பு, குடும்பத்துக்குப் பண உதவி, வெளியே வந்த பின் வேலை ஆகியவையே இங்கே சட்ட உதவியைவிடப் பெரியவை. தண்டனை சிறையோடு நிற்பதில்லை என்பதும் ஒரு காரணம். பிரிட்டனில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் மறுப்பாளர்களின் வாக்குரிமையை ஐந்தாண்டுகளுக்குப் பறித்தது. துருக்கியில் ஓஸ்மான் முராத் உல்கே மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டு மொத்தம் 701 நாள் சிறையில் இருந்தார். எப்போது வேண்டுமானாலும் மறுபடி கைதாகலாம் என்ற நிலையில் மறைந்து வாழ வேண்டியிருந்த அவரது வாழ்க்கையைக் கிட்டத்தட்ட ‘குடிமை மரணம்’ என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் வர்ணித்தது.

தென்கொரியா இந்த மரபின் அண்மைக்கால எடுத்துக்காட்டு. அங்கே 1950 முதல் 19,000க்கும் மேற்பட்ட யெகோவாவின் சாட்சிகள் சிறை சென்றிருக்கிறார்கள். பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றவருக்குப் படை அழைப்பு வராது. அதற்குக் குறைந்தால் மறுபடி வரும். ஆகவே பதினெட்டு மாதம் என்பதே நிலையான தண்டனையாயிற்று. வழக்கறிஞரால் கேட்க முடிந்ததும் அவ்வளவுதான். 2001இல் பௌத்தர் ஒருவர் வெளிப்படையாக மறுப்பை அறிவித்ததும், 2003இல் ‘போரில்லா உலகம்’ என்ற அமைப்பு உருவானதும் பேச்சை மாற்றின. ஒரு சபையின் தனிப்பட்ட விவகாரமாகப் பார்க்கப்பட்டது, எல்லோருக்குமான உரிமைப் பிரச்சினையாகியது. வழக்குகள் ஐ.நா. மனித உரிமைக் குழுவரை சென்றன; 2006இல் அக்குழு கொரியா உரிமையை மீறியது என்றது. 2018 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் மாற்றுச் சேவைக்கு வழியில்லாத சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுப்பாளர் ஒருவரின் தண்டனையை ரத்துசெய்யும் பாதையைத் திறந்தது.

தோழமையின் பலம் இங்கே தெரிகிறது: தனி வழக்குகளால் ஆகாததை நீண்ட இயக்கம் செய்தது. பலவீனமும் தெரிகிறது. கொரியாவில் அந்த மாற்றம் வருவதற்குள் ஆயிரக்கணக்கானோர் சிறையில் இருந்தார்கள். இயக்கத்துக்கு முன்னுதாரண வழக்கு வேண்டும். இளைஞனுக்கோ எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தன் வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நல்ல ஆலோசகர் இந்த முரணை இளைஞனிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காம் நிலைப்பாடு: சோதனையே வேண்டாம்

மனசாட்சியை அளக்க முடியாது என்றால் அளக்காமலே விடலாம் என்பது நான்காவது விடை. இதற்கான பெரிய பரிசோதனைக்களம் மேற்கு ஜெர்மனி. அங்கே ‘மனசாட்சிப் பரீட்சை’ என்று கசப்போடு அழைக்கப்பட்ட நேர்முக விசாரணை பல்லாண்டுகள் நடந்தது. 1977இல் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அஞ்சலட்டை போட்டு மறுக்கலாம் என்று கேலியும் பிறந்தது. 1978 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்திருத்தத்தை ரத்துசெய்தது. 1984 முதல் நடுவழி ஒன்று வந்தது: பெரும்பாலோருக்கு எழுத்து விண்ணப்பமே போதும், ஆனால் மாற்றுச் சேவை படைச்சேவையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நீண்ட சேவையை ஏற்கும் மனமே மனசாட்சிக்குச் சான்று என்பது இதன் தர்க்கம். 2011இல் கட்டாயச் சேவை நிறுத்திவைக்கப்படும் வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மாற்றுச் சேவை செய்தார்கள்.

பேசத் தெரியாதவனுக்கு இந்த முறை பெரிய விடுதலை. ஆலோசனையின் தேவையையும் இது குறைக்கிறது. ஆனால் சோதனை மறையவில்லை. வாயிலிருந்து காலண்டருக்கு இடம் மாறியது. எத்தனை மாதம் கூடுதல் என்பது சான்று, எத்தனை மாதம் தண்டனை என்ற கேள்வி உடனே எழுகிறது. பிரான்சில் இருமடங்கு நீண்ட மாற்றுச் சேவைக்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை, அது பாகுபாடு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் ஃபுவான் வழக்கில் முடிவு செய்தது. கொரியாவில் 2020இல் தொடங்கிய மாற்றுச் சேவை 36 மாதம். சிறை வளாகங்களிலேயே தங்கிச் செய்ய வேண்டும். தரைப்படைச் சேவையோ பதினெட்டு மாதம்தான். இந்த ஏற்பாடும் 2024இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற பிரிவினையோடு தப்பியது.

விசாரிப்பவர் யார்?

நான்கு நிலைப்பாடுகளும் உதவுபவரையும் உதவி பெறுபவரையும் பற்றிப் பேசுகின்றன. அண்மைக்கால நீதிமன்றங்கள் கவனத்தை மூன்றாவது ஆளின் பக்கம் திருப்பியிருக்கின்றன: விசாரிப்பவர். 2011இல் பயாத்யான் எதிர் ஆர்மீனியா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை, மனசாட்சி மறுப்பு சிந்தனை, மனசாட்சி, சமயச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று முதன்முறையாக ஏற்றது. 2016இல் கிரீஸ் தொடர்பான பாபவசிலாகிஸ் வழக்கில், மறுப்பாளரை நேர்கண்ட குழுவில் ராணுவ அதிகாரிகளே பெரும்பான்மையாக இருந்தது நடுநிலையைக் குலைத்தது என்றது. 1916இல் ராணுவப் பிரதிநிதியின் குறுக்கு விசாரணை பற்றி எழுந்த முறையீடு நூறாண்டு கழித்துத் தீர்ப்பாக வந்தது.

சுதந்திரமான குழு இருந்தாலும் எதை வைத்துத் தீர்ப்பது என்பது மிச்சமிருக்கிறது. கொரியாவில் தீர்ப்பு மாறிய பிறகு அரசு வழக்கறிஞர்கள், மறுப்பாளர்கள் துப்பாக்கிச் சூட்டு வீடியோ விளையாட்டுகளில் கணக்கு வைத்திருந்தார்களா என்று பார்க்கத் தொடங்கினார்கள். பேச்சுக்குப் பதில் வாழ்க்கையைச் சான்றாக்க முயன்றது அது. ஆனால் திரையில் சுடுவதும் மனிதனைச் சுடுவதும் ஒன்றெனக் கொள்ளும் சோதனை எவ்வளவு தூரம் செல்லும் என்பது கேள்விக்குரியது. தாயைத் தாக்கும் ஜெர்மன் சிப்பாய் அங்கே புது உருவில் வந்திருக்கிறான் என்று சொன்னால் மிகையாகாது.

தமிழர் வாழும் இடங்களில்

இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை இல்லை. பொது நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசியலமைப்பின் 23(2) பிரிவு இடம் தருகிறது. ஆனால் மனசாட்சி மறுப்பைச் சோதிக்கும் அமைப்பு எதுவும் உருவாகத் தேவை ஏற்படவில்லை. எனினும் அளவுகோல் ஒன்று வேறொரு வழக்கில் கிடைத்திருக்கிறது. தேசியகீதம் பாட மறுத்ததற்காகக் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துக் குழந்தைகளின் வழக்கில், பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு 1986இல் வந்தது. ஒரு நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்பதை விட்டுவிட்டு, அது நேர்மையாகக் கொள்ளப்படுகிறதா என்பதையே நீதிமன்றம் பார்த்தது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் நிலை வேறு. 1967 முதல் ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். மனசாட்சி மறுப்புக்கு இடமில்லை. மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் பொதுவாக இரு கட்டமாக ராணுவக் காவலில் வைக்கப்படுகிறார்கள். சிறிய நாடு, சில விலக்குகளும் அடித்தளத்தை ஆட்டும் என்பது அரசின் வாதம். தீர்ப்பாயமே இல்லாத இடத்தில் சட்ட உதவிக்குக் கிடைப்பது தண்டனையின் அளவைப் பற்றிப் பேசும் சிறு இடம் மட்டுமே.

ஈழப் போரின் இறுதிக் கட்டத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய கட்டாய ஆட்சேர்ப்பு இவ்விவாதத்தின் இன்னொரு எல்லையைக் காட்டுகிறது. மேலே சொன்ன உரிமைகள் யாவும் அரசை நோக்கிப் பேசுபவை. அரசல்லாத ஆயுத அமைப்பிடம் விண்ணப்பமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அகதி உரிமைச் சட்டம் மட்டுமே பிறகு ஓரளவு பேச முடிகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இத்தகைய அமைப்புகளின் கட்டாய ஆட்சேர்ப்பையும் கணக்கில் கொள்கின்றன.

மீந்து நிற்பவை

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. முதலாவது, குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் மறுப்பது. 1960இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றமும், 1971இல் கில்லெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், 2002இல் இஸ்ரேலிய உயர் நீதிமன்றமும் இதை ஏற்கவில்லை. ஆனால் நடைமுறையில் ஆலோசகரிடம் வரும் பலர் கொலையை எல்லாச் சூழலிலும் மறுப்பவர்களாக இருப்பதில்லை; இந்தப் போர் தவறு என்பவர்களாகவே வருகிறார்கள். உண்மையைச் சொன்னால் விண்ணப்பம் தோற்கும், சட்டம் விரும்பும் விடையைச் சொன்னால் மனசாட்சி தோற்கும் என்ற இக்கட்டில் ஆலோசகர் நிற்கிறார். நடுநிலை ஆலோசனை தன் நேர்மையை இழக்கும் ஆபத்து மிகுதியாக இருப்பது இங்கேதான்.

இரண்டாவது, போர் தொடங்கிய பிறகான மறுப்பு. 2022 செப்டம்பரில் ரஷ்யாவில் அணிதிரட்டல் அறிவிக்கப்பட்டபோது, அமைதிக்காலக் கட்டாயச் சேவைக்கான மாற்று வழி அணிதிரட்டலுக்குப் பொருந்தாது என்ற வாதத்தைப் பல மறுப்பாளர்கள் எதிர்கொண்டார்கள். உரிமை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிகவும் சுருங்குகிறது. மூன்றாவது, தகவலுக்கும் தூண்டுதலுக்கும் இடையிலான கோடு. அதை யார் வரைகிறார்கள் என்பதைப் பொறுத்தே மற்றெல்லாம் அமைகிறது.

நான்கு நிலைப்பாடுகளையும் ஒருசேரப் பார்த்தால், எச்சரிக்கையோடு ஒரு முடிவுக்கு வரலாம். உதவியைத் தடுப்பதால் பொய் குறைந்தது என்று காட்டும் சான்று வலுவாக இல்லை. பேசத் தெரியாதவர் பாதிக்கப்பட்டார் என்பதற்கான காரணங்கள் அதைவிட வலுவானவை. சோதனை இருக்கும்வரை உதவியும் இருந்தாக வேண்டும். அந்த உதவி சோதனையின் குறைக்குக் கொடுக்கப்படும் ஈடு. எல்லோருக்கும் எட்டாதபோது அந்தக் குறையையே அது பெரிதாக்குகிறது. சோதனையை எளிதாக்கிய நாடுகளில் ஆலோசகர்களின் வேலை குறைந்ததே தவிர, மாற்றுச் சேவையின் நீளத்தைப் பற்றிய வழக்குகள் ஓயவில்லை. உதவியின் அளவையும் சோதனையின் கடுமையையும் தனித்தனியே பேசும் வழக்கத்தைவிட, ஒன்றை மாற்றும்போது மற்றதற்கு என்ன ஆகிறது என்று சேர்த்துக் கணக்கிடுவதே இனிவரும் ஆய்வுக்கும் சட்டத்துக்கும் பயன்தரும் வழியாகத் தோன்றுகிறது.